ஒரு டெராபைட் மரியாதை

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தது சக்கரமல்ல, நெருப்புமல்ல. பிரதம அதிதிதான். சக்கரம் இல்லாவிட்டால் நடந்து போகலாம். நெருப்பு இல்லாவிட்டால் பழம் தின்று காலம் தள்ளலாம். பிரதம அதிதி இல்லாமல் எங்கள் கரையோரத்தில் ஒரு பாலர் பாடசாலைக்குத் தண்ணீர்த் தாங்கிகூட வைக்க முடியாது. வைத்தாலும் தண்ணீர் வராது.

இந்த உண்மையை உலகுக்கு முன்பே உணர்ந்துகொண்ட நிறுவனம் ஒன்று கல்முனைக்குடியில் இருக்கிறது. 'கோல்டன் வேவ்ஸ் விளையாட்டுக் கழகம்' என்பது அதன் பெயர். நான் அதன் ஊடகச் செயலாளர். மேடையில் கடைசிக் கதிரை எனக்குரியது. அந்தக் கதிரையில் பாதி, ஒலிபெருக்கிக்காரரின் பெட்டிக்குரியது.

தலைவர் அல்ஹாஜ் கச்சிமுகம்மது, ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். அவருடைய குரலுக்கு மின்சாரம் ஒரு துணை மட்டுமே. மேடை என்றால் மைக் அவரிடம்தான் இருக்கும். அதிதிகளை வரவேற்பதில் அவருக்கு நிகர் அக்கரைப்பற்று வரைக்கும் இல்லை என்பார்கள். அதற்கு அப்பால் யாரும் போய்ப் பார்க்கவில்லை.

கழகத்தின் வரலாறு முழுவதும் கைக்குள் அடங்கும் ஒரு கறுத்த ஹாட் டிஸ்க்கில் இருந்தது. நிர்வாக சபைத் தீர்மானப்படி அதன் பெயர் 'நினைவுப் பெட்டகம்'. பழைய கசெட்டுகளையும் அல்பங்களையும் அதற்குள் ஏற்றிய பிறகு, இடத்தை அடைக்கின்றன என்று கடலோரம் கொண்டுபோய் எரித்துவிட்டோம். இன்னொரு பிரதி எடுத்து வைப்போமா என்று ஒருவர் கேட்டார். "வரலாறு ஒண்டுதான். அதுக்கு என்னத்துக்கு ரெண்டு பிரதி?" என்று தலைவர் திருப்பிக் கேட்டார். சபை மெய்மறந்து கைதட்டியது.

வருடந்தோறும் ஆண்டு விழாவில் இந்தப் பெட்டகம் 'அங்குரார்ப்பணம்' செய்து தொடக்கிவைக்கப்படும். ஒருமுறை செய்த அங்குரார்ப்பணத்தை எப்படி மறுபடி செய்வது என்று கேட்கக் கூடாது. பாலங்களுக்கும் அப்படித்தான் நடக்கிறது. பட்டுத் துணி விரித்த தாம்பாளத்தில் பெட்டகம் வரும். பிரதம அதிதி அதைக் கணினியில் செருகுவார். கைதட்டல் எழும். "ஒருக்காத் தூக்கிக் காட்டுங்க சேர்" என்று படமெடுப்பவர் கெஞ்சுவார். அதிதி அதை வெடுக்கென்று பிடுங்கித் தலைக்கு மேலே உயர்த்துவார். பிறகு விசேட அதிதிக்கும் ஆசை வரும். அவரும் செருகுவார், பிடுங்குவார். அவருக்குப் பின்னால் கௌரவ அதிதிகள் வரிசையில் நிற்பார்கள். அவர்களும் மனிதர்கள்தானே.

இவற்றுக்கிடையே நேரம் கிடைக்கும்போது நாங்கள் உதைபந்தும் ஆடுவோம்.

பத்து வருடத்துக்கு முன்னர் மருதமுனை 'ஸில்வர் லூம்' கழகத்தோடு ஓர் இறுதிப் போட்டி நடந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் அவர்களுடைய முன்வரிசை வீரர் ஒருவர் பந்தோடு வந்தார். எங்கள் கோல் காப்பாளர் றாஸிக் அசையவில்லை. கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி நின்றார். பந்து அவரைத் தாண்டி, அவசரமேயில்லாமல் உருண்டு, உள்ளே போனது. கிண்ணம் மருதமுனைக்குப் போனது.

கொஞ்ச நாளில் றாஸிக்குக்குக் கலியாணம். பெண் கமீலா, ஊர் மருதமுனை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கலியாணம் முடிந்ததும் அவர் மருதமுனையிலேயே போய்க் குடியிருந்தார். சாட்சி இரட்டிப்பானது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த எந்த ஆம்பிளைதான் மனைவி வீட்டில் குடியிருக்கவில்லை என்று விதண்டாவாதிகள் கேட்கலாம். தலைவர்கூட நிந்தவூரில் பிறந்து கல்முனைக்குடியில் மனைவி வீட்டுக்கு வந்தவர்தான். ஆனால் அவர் வரும்போது கிண்ணம் எதையும் கொண்டு வரவில்லை.

"பொம்புளப் பக்கத்தால மாப்புளைக்கு வீடு குடுப்பாங்க. மாப்புள, பொம்புளட ஊருக்குக் கப் குடுத்து முடிச்ச கலியாணத்த இப்பதான் பாக்கிறன்" என்றார் பொருளாளர் றவூப் முதலாளி. அவர் மீன் வியாபாரி. அன்றிலிருந்து றாஸிக்கின் பெயர் 'கிண்ணச் சீதனம்'.

றாஸிக் அன்றும் பிறகும் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தார். "லவுட்ஸ்பீக்கர்ல அசையாம நிக்கச் சொன்னாங்க. நிண்டன்."

யாரும் நம்பவில்லை. அப்படி ஓர் அறிவித்தல் யாருக்கும் ஞாபகத்தில் இல்லை. அதில் வியப்பில்லை. எங்கள் ஊரில் ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்றுதான் கவனிப்போம். என்ன சொல்கிறது என்று கவனிக்கும் வழக்கம் இல்லை.

கமீலா இதையெல்லாம் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடுவாராம். சிரிக்க முடியாதவர் றாஸிக்கின் வாப்பா. அவர் கல்முனைக்குடியிலேயே இருக்கிறார். வீட்டுக்குப் பக்கத்திலேயே பள்ளிவாசல். ஆனால் அவர் அதைக் கடந்து, கடற்கரை வீதியால் நடந்து, தூரத்துப் பள்ளிக்குப் போய்த் தொழுகிறார். பக்கத்துப் பள்ளியில் செருப்பைக் கழற்றுகிற இடத்தில் யாராவது, "என்ன காக்கா, கப் சுகமா இரிக்கா?" என்று கேட்டுவிடுவார்கள். பகிடியாகத்தான் கேட்பார்கள். பத்து வருடமாகப் பகிடியாகத்தான் கேட்கிறார்கள்.

இந்த வருடம் கழகத்துக்கு வெள்ளிவிழா. மலர் வெளியிடத் தீர்மானித்தோம். கழக வரலாற்றைத் தலைவரே எழுதினார். அதில், 'கோல் காப்பாளர் விலைபோனமையால் கிண்ணம் கைநழுவியது' என்று ஒரு வரி இருந்தது. அதைக் கேள்விப்பட்டு மோட்டார் சைக்கிளில் வந்த றாஸிக், எங்கள் நிர்வாக சபைக் கூட்டத்துக்குள் நுழைந்தார்.

"ஹாஜியார், மலர்ல அத எழுதிரிக்கிறீங்களாம். வாயால கதைச்சா காத்தோட போயிரும். அச்சில வந்தா வாப்பா மௌத்தான பொறகும் நிக்கும். அண்டைய மெச் வீடியோ உங்கட பெட்டகத்துக்குள்ள இரிக்கிதானே. அத ஒருக்காப் பாத்துப்போட்டு எழுதுங்க. வேற ஒண்டும் நான் கேக்கல்ல."

"வரலாறு எந்தச் சாட்சிக்கும் அஞ்சாது" என்றார் தலைவர். மைக் இல்லாமலே எதிரொலித்தது. "பெட்டகத்தைத் திறவுங்கள்!"

நான் பெட்டகத்தைக் கணினியில் செருகினேன். டிஸ்க் 'டிக், டிக்' என்று முனகியது. பிறகு திரையில் ஒரு வாசகம் தோன்றியது. இதைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபோமட் செய்ய வேண்டும், செய்யவா என்று கேட்டது. அவ்வளவு பணிவோடு எங்கள் சபையில் யாரும் எதையும் கேட்டதில்லை.

"மரியாதையாக் கேக்குதுதானே. ஓம் எண்டு குடுங்க" என்றார் றவூப் முதலாளி.

"நான் பிரேரிக்கிறேன்" என்றார் தலைவர்.

என் விரல் இறங்கிக்கொண்டிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து றாஸிக் பாய்ந்தார். ஒரு கையால் என் மணிக்கட்டைத் தட்டிவிட்டு, மறு கையால் கணினியை அணைத்துக்கொண்டு நிலத்தில் உருண்டார். பத்து வருடம் பிந்தினாலும் அழகான பாய்ச்சல். என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன். தலைவர் முறைத்ததும் நுளம்பு அடித்ததாகச் சொன்னேன்.

உடனே 'தரவு மீட்பு உபகுழு' அமைக்கப்பட்டது. தலைவர், பொருளாளர், நான். டிஸ்க்கை அரிசிக்குள் புதைத்து வைத்தால் சரியாகிவிடும் என்று பொருளாளர் சொன்னார். தண்ணீரில் விழுந்த அவருடைய ஃபோன் அப்படித்தான் பிழைத்ததாம். டிஸ்க் தண்ணீரில் விழவில்லையே என்றேன். "அப்ப இன்னும் சுறுக்கா சரிவரும்" என்றார்.

எந்த அரிசி என்பதில்தான் கருத்து வேறுபாடு எழுந்தது. வயல் உள்ளவர்கள் கூடிய சபையில் இது சிறிய விடயமல்ல. பச்சையரிசி ஈரத்தை உறிஞ்சும் என்றார் ஒருவர். புழுங்கலுக்குச் சூடு கண்ட அனுபவம் உண்டு என்றார் இன்னொருவர். வாக்கெடுப்பில் புழுங்கல் வென்றது. சொறிக்கல்முனைப் பக்கத்தில் தனக்குள்ள வயலின் அரிசியைத் தலைவர் அன்பளிப்புச் செய்தார். அவர் அதைக் கையளிப்பதையும் நான் பெற்றுக்கொள்வதையும் படமெடுத்தோம். படத்தைச் சேமிக்கத்தான் இடமில்லை.

அரிசி பலிக்கவில்லை. டிஸ்க்கைக் குளிரில் வைக்க வேண்டும் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். அவர் நீலக் கோட் போட்டிருந்தபடியால் நம்பினோம். பொருளாளரின் ஐஸ் பெட்டியில், பாரை மீன்களுக்கு நடுவே, வரலாறு உறைந்து கிடந்தது. வெளியே எடுத்தபோது அதிலிருந்து 'டிக், டிக்' என்ற சத்தமும் வரவில்லை. நோய் தீர்ந்துவிட்டது என்று பொருளாளர் மகிழ்ந்தார்.

கடைசியில் றாஸிக்தான் பாண்டிருப்பில் சிவரூபினியைக் கண்டுபிடித்தார். கணினி திருத்தும் கடை அவருடையது. பொறுமை இல்லாத பெண். எங்களைக் கதிரையில் இருக்கச் சொல்லவுமில்லை. தலைவர் அதைக் குறித்துக்கொண்டார்.

"இதுக்கு என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கல்ல தங்கச்சி. மரியாதையாத்தான் வெச்சிருந்தம்" என்றார் பொருளாளர்.

"இடுக்குக்குள்ள அரிசி கிடக்கு."

"அது முதலுதவி."

"மீன் மணக்குது."

"அது ரெண்டாவது உதவி."

சிவரூபினி விளக்கைப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தார். "இத முறையாக் கழட்டாம இழுத்து இழுத்துப் பிடுங்கியிருக்கிறீங்க. அதாலதான் பழுதாப் போயிருக்கு. ஆர் பிடுங்கினது?"

தலைவருக்கு முகம் சிவந்தது. "பிடுங்கினவங்க கண்ட நிண்ட ஆக்களில்ல மகள். எல்லாரும் உயர் பதவியில உள்ளவங்க."

"ஆர் பிடுங்கினாலும் அதுக்கு ஒண்டுதான் சேர். வெச்சிட்டுப் போங்க. வந்தா வரும், வராட்டி வராது."

நாங்கள் காத்திருந்த நாட்களில் றாஸிக் தினமும் எனக்கு ஃபோன் எடுத்தார். "என்னவும் சொன்னாவா?" என்று கேட்பார். இல்லை என்றால், "பரவாயில்ல. வாப்பா கேட்டாரு, அதான்" என்று வைத்துவிடுவார். வாப்பாவுக்கு வீடியோவைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது.

ஒருநாள் முற்பகல் சிவரூபினி வரச் சொன்னார். பெரும்பகுதி மீண்டுவிட்டதாம்.

"ஆனா எனக்கு ஒரு சந்தேகம்" என்றார். "இது விளையாட்டுக் கழகம்தானே? எல்லாத்திலயும் மாலை போடுறாங்க, கை குடுக்கிறாங்க, நாடா வெட்டுறாங்க. பந்த ஒரு இடத்திலயும் ஒழுங்காக் காணேல்ல."

"அந்தப் பகுதிகள் அழிஞ்சு போயிருக்கும்" என்றார் தலைவர்.

"இல்ல. அழிஞ்சதெல்லாம் எடுத்திட்டன். நீங்க பதியாததை நான் எங்கயிருந்து எடுக்கிற?"

எங்கள் கமராக்காரருக்குக் கழகம் இட்டிருந்த நிரந்தரக் கட்டளை ஒன்று உண்டு. அதிதி மைதானத்தில் இருக்கும்வரை கமரா அவரை விட்டு அகலக் கூடாது. அதிதி வரவில்லையென்றால் கமரா வாசலைப் பார்த்திருக்க வேண்டும். உலகத் தரமான ஏற்பாடு.

இறுதிப் போட்டியின் காணொளியை ஓடவிட்டார். வாசல். வாசலில் வாழை. வெகுநேரம் வாசல். பிறகு ஒரு வெள்ளை வாகனம் நுழைந்தது. ஒலிபெருக்கியில் ஒரு குரல் முழங்கியது.

"எமது பிரதம அதிதி மைதானத்தினுள் பிரவேசிக்கிறார்! பார்வையாளர்கள், நடுவர்கள், விளையாட்டு வீரர்கள் அனைவரும் இருந்த இடத்தில் அசையாது நின்று, வாசலை நோக்கி மரியாதை செலுத்துமாறு அன்பாய்க் கேட்டுக்கொள்கிறேன்!"

சனம் வாகனத்தை மொய்த்தது. படத்தின் ஓரத்தில், மொய்த்தவர்களின் தலைகளுக்கு மேலாக, ஒரு கோல் கம்பம் தெரிந்தது. கம்பத்தருகே ஒருவர் கைகளைத் தொங்கப் போட்டு, நெஞ்சை நிமிர்த்தி, வாசலை நோக்கி அசையாமல் நின்றார். அந்த மைதானம் முழுவதிலும் தலைவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்ட ஒரே மனிதர். அவருக்குப் பின்னால் பந்து உருண்டு போனது.

றாஸிக் திரையில் விரலை வைத்தார். "அது நான்" என்றார். கண் நிறைந்துவிட்டது. எனக்கும் அழுகை வந்தது. ஊடகச் செயலாளருக்கு அது அழகில்லை என்பதால் இருமினேன்.

பொருளாளர் மெதுவாகக் கேட்டார்.

"ஹாஜியார், அந்தக் குரல் உங்கட மாதிரி இரிக்கி."

"இப்ப ஏ.ஐ. எண்டு ஒண்டு வந்திரிக்கி றவூப். ஆர்ர குரலையும் செய்யலாம்."

"இது பத்து வருஷத்துக்கு முந்தின ஃபைல் சேர்" என்றார் சிவரூபினி. "அப்ப ஏ.ஐ.க்கு வேற வேலை இருந்திருக்கும்."

பெரிய மனிதர்களின் பெருமை இப்படிப்பட்ட இக்கட்டில்தான் வெளிப்படும். தலைவர் கண்ணை மூடினார். திறந்தபோது முகத்தில் ஒளி இருந்தது.

"உலகத்தில எந்தக் கழகத்திலயாவது, பந்து வரக்குள்ள, தலைவர்ர சொல்லுக்காக நிண்ட கோல்கீப்பர் இரிக்காரா? இது துரோகம் இல்ல. இது ஒழுக்கம்! எங்கட கழகத்தின் ஒழுக்கம்! விழா எடுக்கணும்."

"விழா வேணாம் ஹாஜியார்" என்றார் றாஸிக். "நான் துரோகம் செய்யல்ல எண்டு வாப்பாவுக்கு முன்னால ஒரு சொல்லுச் சொன்னாப் போதும். மலர்ல அந்த வரிய எடுத்தாப் போதும்."

"சொல்லுவம். எல்லாம் விழாவில சொல்லுவம். இன்ஷா அல்லாஹ், உரிய நேரத்தில."

புறப்படும்போது சிவரூபினி, "எல்லாம் இதில மட்டும்தான் இருக்கு. இன்னொரு கொப்பி எடுத்துத் தரட்டா?" என்று கேட்டார். வரலாறு எத்தனை என்பதைத் தலைவர் அவருக்கும் விளக்கினார்.

'தரவு மீட்பு வெற்றி விழா' கடற்கரை மைதானத்தில் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஏற்பாடாகியது. பெரிய திரை கட்டினோம். றாஸிக்குக்கு 'ஒழுக்கச் செம்மல்' பட்டம். அவருடைய வாப்பா வெள்ளைச் சாறனும் தொப்பியுமாக நேரத்துக்கே வந்து முன்வரிசையில் இருந்தார். அது அதிதிகளின் கதிரை என்று சொல்லி அவரை மூன்றாம் வரிசைக்கு மாற்றினோம். அவர் சந்தோஷமாகவே மாறினார். அன்று பக்கத்துப் பள்ளியில் அஸர் தொழுதுவிட்டு வந்ததாக என்னிடம் சொன்னார்.

பிரதம அதிதி வரவில்லை. அவர் வராமல் திரையில் எதையும் ஓட்டக் கூடாது. மஃரிப் தொழுகை நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. சும்மா கிடக்கும் நேரத்தை நிரப்ப, "ரெண்டு சொல்லுக் கதைங்க" என்று தலைவர் மைக்கை றாஸிக்கிடம் கொடுத்தார்.

றாஸிக் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார், பந்தைப் பிடிப்பதுபோல. "அஸ்ஸலாமு அலைக்கும். எனக்குக் கதைக்கத் தெரியா. வாப்பா, நீங்க இரிக்கிற இடத்தில ஒண்டு சொல்லணும். அண்டைக்கு நான்..."

வாசலில் வெள்ளை வாகனம் தெரிந்தது. தலைவர் எட்டி மைக்கைப் பறித்தார்.

"எமது பிரதம அதிதி மைதானத்தினுள் பிரவேசிக்கிறார்! அனைவரும் இருந்த இடத்தில் எழுந்து, அசையாது நின்று, வாசலை நோக்கி..."

எழுந்தோம். திரும்பினோம். கமராவும் திரும்பியது.

அதிதிக்கு இன்னும் மூன்று விழாக்கள் இருந்தபடியால் திரையில் எதையும் ஓட்ட நேரமில்லை. ஆனால் தாம்பாளம் வந்தது. அவர் பெட்டகத்தைச் செருகினார். கைதட்டல் எழுந்தது. "ஒருக்காத் தூக்கிக் காட்டுங்க சேர்" என்று யாரோ கெஞ்சினார்கள். டிஸ்க் இரண்டு தரம் 'டிக்' என்றது. அதன் பிறகு அது எதுவும் சொல்லவில்லை. சிவரூபினியாலும் இம்முறை சொல்லவைக்க முடியவில்லை. மலரும் அதற்குள் அச்சாகிவிட்டிருந்தது. அந்த வரி அதில் அப்படியே இருக்கிறது. திருத்தம் பொன்விழா மலரில் வரும்.

விழாக் காணொளி மட்டும் என்னிடம் பத்திரமாக உண்டு. வாசல், வாகனம், மாலை, கைகுலுக்கல், எல்லாம் தெளிவு. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் ஒழுக்கக் குறைவு தெரிகிறது. மேடையில் மைக் இல்லாத ஒருவர் மூன்றாம் வரிசையைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். மூன்றாம் வரிசையில் ஒரு வயதானவர் எழும்பாமல், வாசலுக்கு முதுகைக் காட்டியபடி, அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மற்ற நாங்கள் அனைவரும் கையைத் தொங்கப் போட்டு, அசையாமல், வாசலைப் பார்த்தபடி நிற்கிறோம். பத்து வருடத்துக்கு முன்னர் ஒருவர் அப்படி நின்றதற்கு அவருக்கொரு பெயர் வைத்தோம். இப்போது ஊரே நின்றிருக்கிறது. எங்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று உபகுழு இன்னும் தீர்மானிக்கவில்லை.